மின்மினியின் மொழி

நுழையும்முன்

இருளை அகற்றுவதே ஒளியின் பணி என்பது பொதுவான எண்ணம். ஆனால், இருள் இருந்தால் மட்டுமே தன் ஒளியால் பேச இயலும் என்னும் நிலையில் வாழும் சிற்றுயிர் ஒன்று உண்டு. வயல்வெளியிலும் கண்மாய்க் கரையிலும் மின்னி மறையும் அவ்வுயிரின் ஒளிக்கு இலக்கணம் உண்டு; பொருள் உண்டு; விடையும் உண்டு. பொறுமையோடு உற்றுநோக்குபவர்க்கு அம்மொழி புலப்படும். அதைக் கற்கும் வழியையும் காக்கும் கடமையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தூங்கா நகரின் எல்லையில்

மதுரையைத் தூங்கா நகரம் என்பர். நள்ளிரவிலும் அங்காடிகளில் விளக்கெரியும் பெருமை அந்நகருக்கு உண்டு. அந்நகரைச் சுற்றி வைகைப் பாசனத்தில் விளையும் நெல்வயல்களும், மாடக்குளம், வண்டியூர், நிலையூர் போன்ற கண்மாய்களும், நாகமலை, அழகர்மலை ஆகிய குன்றுகளின் அடிவாரப் புல்வெளிகளும் பரந்து கிடக்கின்றன. வறண்ட கோடையில் வெடித்துக் கிடக்கும் இம்மண், மழை பெய்து குளிர்ந்ததும் எண்ணற்ற சிற்றுயிர்களுக்கு வாழிடமாகிறது. தவளைகள் குரலெழுப்புகின்றன, ஈசல்கள் புற்றிலிருந்து புறப்படுகின்றன. ஈரம் நிறைந்த இத்தகைய இடங்களில், தெருவிளக்கின் ஒளி எட்டாத இருளில்தான் மின்மினிகளைத் தேட வேண்டும்.

மழையும் மின்மினியும் இணைந்திருப்பதைப் பழந்தமிழர் கூர்ந்து நோக்கியிருந்தனர். மழை பெய்த நள்ளிரவில் உடைந்த வாயையுடைய புற்றின்மீது மின்மினிகள் மொய்க்க, அப்புற்றைத் தோண்டும் கரடி உலைக்களத்துக் கொல்லனைப் போலத் தோன்றுவதாக அகநானூற்றின் 72ஆம் பாடல் காட்டுகிறது. பருவம், பொழுது, இடம், செயல் என நான்கும் அக்காட்சியில் பிழையின்றி அமைந்துள்ளன. இன்றைய களஆய்வாளரின் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியவையும் இவையே.

ஒளிரும் வண்டு

மின்மினி பூச்சி என்று அழைக்கப்பட்டாலும் அது வண்டினத்தைச் சார்ந்தது. லாம்பிரிடே என்னும் குடும்பத்தில் உலகெங்கும் 2000க்கும் மேற்பட்ட இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அதன் வாழ்வு முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்னும் நான்கு நிலைகளைக் கொண்டது. அவ்வாழ்வின் பெரும்பகுதி மண்ணிலும் ஈரச் சருகுகளுக்கிடையிலும் கழிகிறது. புழுப்பருவத்தில் அது நத்தைகளையும் மண்புழுக்களையும் வேட்டையாடுகிறது. தன்னினும் பெரிய நத்தையைக் கடித்து, நச்சினால் செயலிழக்கச் செய்து, அதன் உடலைக் கரைத்து உறிஞ்சுகிறது. பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, இவ்வாறு வாழ்ந்த பின்னரே சிறகு முளைக்கிறது.

சிறகு பெற்ற வாழ்வோ சில வாரங்களே நீடிக்கும். அக்காலத்தில் பல இனங்கள் உணவு உண்பதே அரிது. துணையைத் தேடுவதும் முட்டையிடுவதுமே அவற்றின் பணி. நெடுநாள் இருளில் காத்திருந்த ஓர் உயிர், எஞ்சியுள்ள சில இரவுகளில் சொல்லி முடிக்க வேண்டிய செய்தியே அதன் ஒளி. இவ்வுண்மையை உணர்ந்தால், ஒவ்வொரு மினுக்கின் மதிப்பும் விளங்கும்.

ஒளி பிறக்கும் விதம்

மின்மினியின் வயிற்றின் கடைப்பகுதியில் ஒளியுறுப்பு அமைந்துள்ளது. அங்கு லூசிபெரின் என்னும் வேதிப்பொருள், லூசிபெரேஸ் என்னும் நொதியின் துணையால் ஆக்சிஜனுடன் வினைபுரிகிறது. இவ்விரு பொருள்களின் வினையே உயிரொளிக்கு அடிப்படை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா 1885இல் ஒளிரும் வண்டினம் ஒன்றை ஆராய்ந்து கண்டறிந்தார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபி என்னும் மூலக்கூறு இவ்வினைக்கு இன்றியமையாதது என்பதை 1947இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் மெக்கெல்ராய் நிறுவினார்.

இவ்வொளியில் வெப்பம் மிகக் குறைவு. எனவே இதைத் தண்ணொளி என்பர். ஒளி வினையில் ஈடுபடும் மூலக்கூறுகளுள் ஏறத்தாழ 88 விழுக்காடு ஒளித்துகளை வெளியிடுவதாக 1960இல் கணக்கிடப்பட்டது. நுட்பமான கருவிகளைக்கொண்டு 2008இல் மீண்டும் அளந்தபோது அது 41 விழுக்காடு எனத் தெரிய வந்தது. அரை நூற்றாண்டாகப் பாடநூல்களில் இடம்பெற்ற ஓர் எண்ணைப் புதிய அளவீடு திருத்தியது. அறிவியலில் எந்த எண்ணும் மறுஅளவீட்டுக்கு அப்பாற்பட்டதன்று.

ஒளியை ஏற்றவும் அணைக்கவும் மின்மினியால் எவ்வாறு இயல்கிறது? ஒளியுறுப்பின் உயிரணுக்களுக்கு நுண்ணிய காற்றுக்குழல்கள் ஆக்சிஜனைக் கொண்டுசெல்கின்றன. நரம்பின் தூண்டுதலால் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, ஆக்சிஜன் ஒளிரும் பகுதியை எட்டுவதற்கு வழிவிடுகிறது. ஆக்சிஜன் எட்டும் கணத்தில் ஒளி தோன்றுகிறது; அது தீர்ந்ததும் மறைகிறது.

ஒளியின் இலக்கணம்

மின்மினியின் ஒளியில் நான்கு கூறுகளைக் கவனிக்க வேண்டும். அவை, ஒளி நீடிக்கும் நேரம், இரு மினுக்குகளுக்கு இடைப்பட்ட நேரம், நிறம், ஒளிரும்போது வண்டு பறக்கும் தடம் என்பனவாகும். இக்கூறுகள் இனத்திற்கு இனம் வேறுபடுகின்றன. ஒரே புல்வெளியில் பல இனங்கள் வாழ்ந்தாலும், தன் இனத்தின் குறியீட்டை மின்மினி பிரித்தறிகிறது.

வட அமெரிக்காவில் வாழும் ஃபோட்டினஸ் பைராலிஸ் என்னும் இனம் இதற்குத் தக்க சான்று. அதன் ஆண் வண்டு மாலை மங்கும் நேரத்தில் தாழப் பறந்து, கீழிறங்கி மேலெழும்போது ஒளியைச் சிந்துகிறது. அத்தடம் ஒரு கொக்கியைப் போலக் காட்சியளிக்கும். ஏறத்தாழ ஆறு வினாடிக்கு ஒருமுறை இது நிகழ்கிறது. புல்லில் அமர்ந்திருக்கும் பெண் வண்டு அதனைக் கண்டு, ஏறத்தாழ இரண்டு வினாடி கழித்து ஒருமுறை ஒளிர்கிறது. அவ்விரண்டு வினாடி இடைவெளியே விடை. விரைந்தோ தாழ்ந்தோ வரும் ஒளியை ஆண் வண்டு பொருட்படுத்துவதில்லை. ஆக, இம்மொழியில் ஒளியைப் போலவே ஒளியற்ற இடைவெளியும் பொருள் தருகிறது.

இம்மொழியில் பொய்யும் உண்டு. ஃபோட்டூரிஸ் என்னும் பேரினத்தின் பெண் வண்டுகள் வேற்றினப் பெண்ணின் விடையைப் போலி செய்து, ஏமாந்து நெருங்கும் ஆண் வண்டைப் பிடித்துத் தின்கின்றன. இதனை ஜேம்ஸ் லாயிட் என்னும் அறிஞர் 1965இல் வெளிப்படுத்தினார். புல்வெளியில் இரவுதோறும் அமர்ந்து, சிறு கைவிளக்கால் பெண் வண்டைப் போல விடையளித்து ஆண் வண்டுகளைத் தம்மிடம் வரவழைத்து ஆராய்ந்தவர் அவர்.

தெரிந்து தெளிவோம்

தூக்கணாங்குருவி தன் கூட்டில் ஈரமண்ணை ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றுகிறது என்பது நாட்டார் நம்பிக்கை. அக்குருவி கூட்டின் உட்புறத்தில் மண்ணை ஒட்டுவது உண்மை. ஆனால், மின்மினியை விளக்காகப் பதிக்கிறது என்பதற்குச் சான்றில்லை. ஒரு கூற்றில் காணப்பட்டது எது, கருதப்பட்டது எது எனப் பிரித்தறிவதே ஆய்வின் முதற்படியாகும்.

உற்றுநோக்கும் முறை

மின்மினியை ஆராய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கதிரவன் மறைவதற்கு முன்பே இடத்தைச் சென்று பார்த்து, பள்ளம், கிணறு, முள், பாம்பு நடமாட்டம் ஆகியவற்றை அறிந்துகொள்ள வேண்டும். காலணி அணிந்து, பெரியவர் ஒருவர் துணையோடு செல்வதே முறை. இருள் சூழ்ந்தபின் விளக்குகளை அணைத்து இருபது, முப்பது நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருந்தால் கண் இருளுக்குப் பழகும். குறிப்பெழுத ஒளி தேவைப்படின், கைவிளக்கின் முகப்பைச் சிவப்புக் கண்ணாடித்தாளால் மூடிக்கொள்ளலாம். சிவப்பொளியை மின்மினியின் கண் பெரிதும் உணர்வதில்லை.

இருவர் இணைந்து செயற்படுவது சிறப்பு. ஒருவர் பறக்கும் ஒரே மின்மினியைக் கண்ணால் பின்தொடர்ந்து, அது ஒளிரும்போதெல்லாம் மெல்லக் குரல் கொடுக்க, மற்றவர் நேரங்காட்டியைப் பார்த்து எண்ணிக்கையைக் குறிக்கலாம். எடுத்துக்காட்டாக, 60 வினாடியில் 40 மினுக்குகள் பதிவானால் ஒரு மினுக்குத் தொடங்கி அடுத்தது தொடங்கும்வரை சராசரியாக 1.5 வினாடி ஆகிறது எனக் கொள்ளலாம். கைப்பேசியில் காணொளியாகப் பதிந்தால் இன்னும் நுட்பமாக அளக்க இயலும். வினாடிக்கு 30 படச்சட்டங்கள் பதியும் கருவியில் ஒளி 6 சட்டங்களில் தெரிந்தால், அது நீடித்த நேரம் 0.2 வினாடி ஆகும்.

நாள், நேரம், இடம், வெப்பநிலை, மழை, நிலவொளி, அருகிலுள்ள விளக்குகள் ஆகியவற்றையும் தவறாது எழுத வேண்டும். இவற்றுள் வெப்பநிலை இன்றியமையாதது. பூச்சி குளிர் இரத்த உயிரி. சூழல் வெப்பம் உயர்ந்தால் அதன் உடலில் நிகழும் வினைகள் விரைவுறும். மினுக்குகளுக்கு இடையேயான நேரமும் குறையும். எனவே, மார்கழிக் குளிரில் எடுத்த அளவையும் வெப்பம் மிகுந்த இரவில் எடுத்த அளவையும் வெப்பநிலையைக் குறிக்காமல் ஒப்பிட்டால், ஓரினத்தையே ஈரினம் என மயங்க நேரும். கண்ணாடிக் குப்பியில் மின்மினியை அடைத்தல் கூடாது. அதற்குக் கிடைத்த சில இரவுகளில் ஓர் இரவைப் பறிப்பது அதன் வாழ்வின் பெரும்பங்கைப் பறிப்பதாகும்.

ஒத்திசையும் ஒளி

சில இனங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே கணத்தில் ஒளிர்ந்து, ஒரே கணத்தில் அணைகின்றன. சயாம் நாட்டில் 1690இல் பயணம் செய்த செருமானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கேம்ப்ஃபர் ஆற்றங்கரை மரங்களில் இக்காட்சியைக் கண்டு எழுதினார். மேலைநாட்டு அறிஞர் பலர் இதை நம்பவில்லை. 1917இல் ஃபிலிப் லாரன்ட் என்பவர், தாம் கண்டது மின்மினிகளின் செயலன்று, தம் கண்ணிமைகள் துடித்ததால் ஏற்பட்ட தோற்றமே என்று ஓர் ஆய்விதழில் எழுதினார். கொள்கைக்குப் பொருந்தாத காட்சியைக் காணும்போது, கொள்கையை ஐயுறாமல் கண்ணையே ஐயுறும் நிலை அறிவியலிலும் நேர்வதுண்டு.

அமெரிக்க உயிரியல் அறிஞர்களான ஜான் பக், எலிசபெத் பக் இணையர் தாய்லாந்திற்குச் சென்று, மின்மினிகளைச் சேகரித்துப் பாங்காக்கில் தங்கியிருந்த விடுதியின் இருண்ட அறையில் பறக்கவிட்டனர். சுவர்களில் அமர்ந்த வண்டுகள் முதலில் தத்தம் போக்கில் ஒளிர்ந்தன. பின்னர் அருகருகே இருந்த இரண்டு, மூன்று வண்டுகள் ஒத்திசைந்தன. மெல்ல மெல்லக் கூட்டம் பெருகியது. தலைவனோ கட்டளையோ இல்லை. ஒவ்வொரு வண்டும் அண்டை வண்டின் ஒளியைக் கண்டு தன் உட்கடிகாரத்தைச் சிறிது திருத்திக்கொண்டதன் விளைவே அவ்வொழுங்கு. இதன் செயல்முறையை விளக்கும் அவர்களது ஆய்வுக்கட்டுரை 1968இல் வெளிவந்தது. இத்தகைய திருத்தங்கள் தொடர்ந்தால் கூட்டம் முழுவதும் ஒத்திசையும் என்பதை 1990இல் ரெனாட்டோ மிரோல்லோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் கணித அறிஞர்கள் நிறுவினர்.

இக்காட்சியைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்து உலாந்தி வனச்சரகத்தில் 2022 ஏப்ரலில் எண்ணற்ற மின்மினிகள் ஒத்திசைந்து ஒளிர்வது வனத்துறையினராலும் ஆய்வாளர்களாலும் பதிவு செய்யப்பட்டது. ஒரு மரத்தில் தொடங்கும் ஒளி அடுத்தடுத்த மரங்களுக்கு அலைபோலப் பரவியது.

மதுரைக் குகையில் ஒரு சான்று

அண்டை உயிரைக் கொண்டு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் இயல்பு மின்மினிக்கு மட்டும் உரியதன்று. அதற்கு அழகிய சான்றொன்று மதுரையிலேயே கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையியல் ஆய்வை வளர்த்தவர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். உயிர்க்கடிகார ஆய்வில் உலகறிந்த அவரும் அவருடைய ஆய்வுக்குழுவினர் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தனர்.

கதிரவன் ஒளி புகாத இயற்கைக் குகையின் உட்பகுதியில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தனர். பகலையும் இரவையும் அவை காண இயலாது. எனினும், குகையில் தங்கியிருந்த பிற வௌவால்கள் மாலையில் புறப்பட்டு விடியலில் திரும்புவதற்கு ஒப்பவே, கூண்டிலிருந்தவையும் நாள்தோறும் விழித்துச் சிறகடித்தன. வௌவால்கள் இல்லாத குகையில் தனித்து வைக்கப்பட்டவற்றின் பொழுதோ நாளடைவில் வெளியுலகப் பொழுதிலிருந்து விலகிச் சென்றது. தன் இனத்தின் நடமாட்டமே அவ்வுயிர்களுக்குக் கதிரவனாய் விளங்கியது என்பதை உணர்த்திய இவ்வாய்வு 1981இல் வெளியாயிற்று. மின்மினியின் கடிகாரம் வினாடிகளை அளக்கிறது; வௌவாலின் கடிகாரம் நாளை அளக்கிறது. இரண்டின் உட்செயல்முறைகளும் வேறுவேறு. ஆயினும், உயிர்கள் ஒன்றையொன்று நோக்கித் தம் பொழுதைச் செப்பம் செய்கின்றன என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

ஒரு கடிதம் திருத்திய அறிவியல்

வட அமெரிக்காவில் ஒத்திசைந்து ஒளிரும் மின்மினிகள் இல்லை என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். டென்னசி மாநிலத்தின் எல்க்மான்ட் பகுதியில் கோடைகாலத்தைக் கழித்துவந்த லின் ஃபாஸ்ட் என்னும் பெண்மணி, தம் குடும்பத்தினர் ஆண்டுதோறும் முற்றத்தில் அமர்ந்து கண்டு மகிழ்ந்த காட்சி அக்கருத்திற்கு மாறாக இருப்பதை உணர்ந்தார். 1990களின் தொடக்கத்தில் அறிஞர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் வழியே அங்குச் சென்ற ஜொனாதன் கோப்லேண்ட், ஆண்ட்ரூ மாய்செஃப் ஆகியோர் அக்காட்சி உண்மையென உறுதி செய்து, 1995இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

ஆய்வுக்கூடம் இல்லாத ஒருவரின் தொடர்ந்த நோக்கு, நூல்களில் இருந்த கூற்றைத் திருத்தியது. அவர் காட்சியைக் கண்டதோடு அமையாமல், தாம் கண்டதை எழுதியதே அதற்குக் காரணம். மதுரைச் சமவெளியின் கண்மாய்க் கரைகளில் வளரும் மாணவருக்கும் இவ்வாய்ப்பு உண்டு. எந்தக் கரையில் எந்த மாதத்தில் மின்மினி தோன்றுகிறது, எவ்வளவு இடைவெளியில் ஒளிர்கிறது என்பதை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு, காலம் கடந்தபின் ஈடற்ற ஆவணமாகும்.

ஒளியால் மங்கும் ஒளி

இத்தகைய ஆவணத்தின் தேவை இன்று பெருகியுள்ளது. ஆந்திர மாநிலத்தின் பர்ரங்குலா என்னும் சிற்றூரில் 1996இல் பத்துச் சதுர மீட்டர் பரப்பில் 500க்கும் மேற்பட்ட மின்மினிகள் காணப்பட்டன. 2019இல் அதே அளவு பரப்பில் 10 முதல் 20 மட்டுமே காணப்பட்டன. பழைய எண்ணிக்கை எழுதிவைக்கப்படாமல் இருந்திருந்தால், இவ்வீழ்ச்சியை எவரும் உறுதிபடக் கூறியிருக்க இயலாது. ‘முன்பெல்லாம் நிறைய இருந்தது’ என்னும் நினைவாக மட்டுமே அது நின்றிருக்கும்.

மின்மினிகளுக்கு நேரும் அச்சுறுத்தல்கள் எவை என உலகெங்கும் உள்ள வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. வாழிட இழப்பு, செயற்கை ஒளி, பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றும் முதன்மையானவையாக அதில் குறிக்கப்பட்டன. கண்மாய்க் கரை மண் அகழப்பட்டாலும், அதன் ஈரம் வற்றினாலும், மண்ணில் வாழும் புழு மடிகிறது. வயலில் தெளிக்கும் நஞ்சு மின்மினிப் புழுவையும் அதன் உணவாகிய நத்தையையும் ஒருங்கே அழிக்கிறது. செயற்கை ஒளியோ மின்மினியை நேரடியாகக் கொல்வதில்லை. ஆண் வண்டின் வினாவைப் பெண் வண்டு காணாமலும், பெண் வண்டின் விடையை ஆண் வண்டு காணாமலும் செய்கிறது. சந்தைப் பேரிரைச்சலில் மெல்லிய குரல் கேளாதது போன்றது இது. சில வாரங்கள் வாழும் வண்டு துணையின்றி மடிந்தால், அடுத்த பருவத்திற்கு முட்டையில்லை. விளக்கு ஏற்றிய ஆண்டிலேயே இழப்புத் தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து, அப்புல்வெளியில் மின்மினி இல்லை என்பதையும் கவனிக்க ஆளிருப்பதில்லை.

இருளையும் காத்தல்

விளக்கு வேண்டா என்பது இதன் பொருளன்று. இரவில் நடந்து செல்லும் பெண்களுக்கும் முதியோருக்கும் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் உழவருக்கும் ஒளி தேவை. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான அளவில் ஒளி அமைய வேண்டும் என்பதே கருத்து. வெளிச்சம் தரையில் மட்டும் விழுமாறு விளக்கிற்கு மூடி இடுதல், நீலம் மிகுந்த வெண்ணிற ஒளிக்கு மாற்றாக மங்கிய மஞ்சள் ஒளியைப் பயன்படுத்துதல், ஆள் நடமாட்டமில்லாப் பொழுதில் விளம்பர விளக்குகளை அணைத்தல், கண்மாயின் நீர்ப்பரப்பை நோக்கி விளக்கமைப்பதைத் தவிர்த்தல் ஆகியவை எளிய வழிகள். இவற்றால் மின்கட்டணமும் குறையும்.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள குன்றுகளும் சுனைகளும் நீர்நிலைகளும் பறவைகளும் அதனால் சிறப்புப் பெற்றன. அதே ஆண்டில் லடாக்கின் ஹன்லே பகுதி இருள்வான் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. முன்னது நிலத்தைக் காக்க எழுந்தது. பின்னது இரவைக் காக்க எழுந்தது. நிலத்தைக் காக்கும்போது அந்நிலத்தின் இரவையும் சேர்த்துக் காப்பதே முழுமையான காப்பாகும். ஏனெனில், நீரும் மண்ணும் போல இருளும் ஒரு வாழிடமே.

தூங்கா நகரின் எல்லையில் ஒரு கண்மாய்க் கரை இருண்டு கிடக்கிறது. மழை ஓய்ந்திருக்கிறது. புல் நுனியில் ஓர் ஒளி தோன்றி மறைகிறது. அதற்கு விடை வருமா என்பது, அக்கரையில் மனிதர் எவ்வளவு இருளை விட்டுவைக்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மின்மினிகள் காணப்பட்ட இடங்களையும் பருவங்களையும் பற்றி முதியோர் மூவரிடம் கேட்டறிந்து, இன்றைய நிலையோடு ஒப்பிட்டு எழுதுக.

2. ‘கண்டது, கருதியது’ என இரு பத்திகள் கொண்ட குறிப்பேட்டில், ஓர் இரவில் வீட்டின் அருகே காணும் பூச்சிகளைப் பற்றிய குறிப்புகளைப் பிரித்தெழுதுக.

3. உங்கள் தெருவில் உள்ள விளக்குகளுள் தரையை நோக்கி ஒளிர்பவை எத்தனை, வானை நோக்கியும் ஒளி சிந்துபவை எத்தனை எனக் கணக்கிட்டு, மாற்றங்களை வேண்டி உள்ளாட்சி அலுவலருக்குக் கடிதம் எழுதுக.